ஆலந்தூர் கொடுத்த ஐயாயிரம்

கோபுரம் எழுப்பியவனுக்குக் கல்வெட்டு உண்டு. பாலம் கட்டியவனுக்குத் திறப்பு விழா உண்டு, மாலை உண்டு, மேடை உண்டு. மண்ணைத் தோண்டிக் குழாய் புதைத்தவனுக்கு என்ன உண்டு? ஒன்றுமில்லை. புதைத்த மறுநாளே ஊர் அதனை மறந்துவிடுகிறது. மறந்திருக்கும்வரை அது செவ்வனே பணிபுரிகிறது என்று பொருள். அது நினைவுக்கு வரும் நாள் ஒன்று உண்டு. மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, கறுத்த நீர் பொங்கித் தெருவிலே ஓடி, பள்ளிக்குச் செல்லும் பிள்ளை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் நாள் அது. அன்றுதான் ஊராருக்குப் பாதாளச் சாக்கடை என்று ஒன்று இருப்பது தெரிகிறது. அதற்கு அதிகாரி ஒருவர் இருப்பது தெரிகிறது. அவருடைய தொலைபேசி எண் தேடப்படுகிறது.

ஆதம்பாக்கம் அந்த நாளை அறிந்த ஊர். ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டும்போது, வானத்து நீர் எது, வீட்டுக் கழிவு நீர் எது என்று பிரித்தறிய முடியாத நிலையை அங்குள்ள தாழ்ந்த தெருக்கள் கண்டிருக்கின்றன. இந்த ஞாயிறன்று நாம் அரசியல் பேச வந்த இடத்தில் சாக்கடை பேசுவானேன் என்று கேட்பார் உளர். சாக்கடை பேசுவதுதான் அரசியல் என்பது நம் பதில். ஒரு நகரத்தின் செல்வம் எங்கே போகிறது என்பதை மாளிகையைப் பார்த்து அறியலாம். ஒரு நகரத்தின் நீதி எங்கே நிற்கிறது என்பதை அதன் சாக்கடையைப் பார்த்துத்தான் அறிய முடியும்.

அதிலும் ஆதம்பாக்கத்துச் சாக்கடைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது சர்க்கார் மனமிரங்கிப் போட்ட பிச்சையன்று. மக்கள் தங்கள் மடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்து வாங்கிய உரிமை. அந்தக் கதையை இளைய தலைமுறை அறியாது, அறிய வேண்டும்.

மக்கள் எழுப்பிய திட்டம்

ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த காலம் அது. ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல் ஆகியவை அந்நகராட்சிக்குள் அடங்கியிருந்தன. நூற்றாண்டு முடியும் தறுவாயில் மக்கள்தொகை ஒன்றரை இலட்சத்தை நெருங்கிற்று. ஆயினும் பாதாளச் சாக்கடை இல்லை. வீட்டுக்கு வீடு மலக்குழி. குழி நிரம்பினால் லாரி. லாரி நிரம்பினால் அதனைக் கொட்டுவதற்குக் கேட்பாரற்ற தாழ்நிலம், அல்லது சதுப்பு. குழியிலிருந்து கசிந்தது கிணற்றைச் சேர்ந்தது. கிணற்றிலிருந்து இறைத்தது குடத்தைச் சேர்ந்தது. பட்டணத்தின் எல்லைக்கு ஒரு கல் தொலைவில் விமான நிலையமும், கிண்டித் தொழிற்பேட்டையும் இருக்க, நடுவிலே இருந்த நகரம் இப்படி இருந்தது!

1992 இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 74 ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு உயிர் கொடுத்தது. 1996 இல் தமிழகத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஆலந்தூரில் பொறுப்பேற்றது; ஆர். எஸ். பாரதி தலைவராக அமர்ந்தார். அம்மன்றத்தின் முன் எழுந்த முதற்கேள்வி சாக்கடை. இரண்டாவது கேள்வி, பணம் எங்கே?

ஏறத்தாழ 34 கோடி ரூபாய் தேவை. ஒரு சிறு நகராட்சியின் கருவூலத்தில் அவ்வளவு தொகை கனவிலும் கிடையாது. அப்போது மன்றம் மக்களையே கேட்டது. கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. நூற்றுக்கு 97 பேர் பாதாளச் சாக்கடை வேண்டும் என்றனர். நூற்றுக்கு 64 பேர் அதற்கு முன்பணம் தரவும் ஒப்பினர். வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைக்கும் வாணிப நிலையத்துக்கும் 10,000 ரூபாய் என்று முன்பணம் விதிக்கப்பட்டது. தெருவாரியாகக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் முன்னின்றன. மன்ற உறுப்பினர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினர். ஓய்வு பெற்ற குமாஸ்தாவும், தொழிற்பேட்டைத் தொழிலாளியும், மளிகைக் கடைக்காரரும் பணத்தைக் கட்டினர். ஒரு குழாய்கூடப் புதைக்கப்படாத நிலையில், ஒரு கல்லும் நடப்படாத நிலையில், வெறும் வாக்குறுதியை நம்பிக் கட்டினர்!

பல கோடி ரூபாய் இவ்வாறு திரண்டது. ஊர் கூடித் தேர் இழுக்கக் கண்டு, வெளியாரும் வடத்தில் கை வைத்தனர். தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமும், நகர்ப்புற நிதி மற்றும் உட்கட்டமைப்பு மேம்பாட்டுக் கழகமும் கடனும் மானியமும் அளிக்க முன்வந்தன. 2000 இல் வேலை தொடங்கிற்று. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய்கள் புதைக்கப்பட்டன. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் தம் பணத்தில் கட்டி, குறித்த ஆண்டுகள் நடத்தி, பின்னர் நகராட்சியிடம் ஒப்படைப்பது என்று ஒப்பந்தமாயிற்று. நாளொன்றுக்கு 1.2 கோடி லிட்டர் வீதம் இரண்டு கட்டங்களில் 2.4 கோடி லிட்டரைச் சுத்திகரிப்பது திட்டம். இந்தியாவிலேயே கழிவுநீர்த் துறையில் மக்கள் முன்பணமும் தனியார் முதலீடும் இணைந்த முன்னோடி முயற்சி என்று அறிஞர்கள் ஏடுகளில் எழுதினர். பிற மாநிலத்தார் வந்து பார்த்தனர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏழை எளியவர் வரி கொடுக்க மாட்டார், நடுத்தர வகுப்பார் வாய் பேசுவாரேயன்றிக் காசு தரமாட்டார் என்று கோட்டையிலே கோப்பு எழுதுவோர் சொல்லிவந்த பழைய பல்லவியை ஆலந்தூர் பொய்யாக்கிற்று. கொடுப்பார்கள். எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெரிந்தால் கொடுப்பார்கள். யாரிடம் கொடுக்கிறோம் என்பது தெரிந்தால் கொடுப்பார்கள். கேட்டால் கணக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் கொடுப்பார்கள்.

வாங்கிய கை மாறியது

2011 இல் சென்னை மாநகராட்சியின் எல்லை விரிந்தது. 174 சதுர கிலோமீட்டராக இருந்தது 426 ஆயிற்று. 155 வட்டங்கள் 200 ஆயின. ஆலந்தூர் நகராட்சி மறைந்து, மாநகராட்சியின் 12 ஆவது மண்டலமாயிற்று. பாதாளச் சாக்கடை சென்னைக் குடிநீர் வாரியத்தின் கைக்குச் சென்றது. 1978 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அந்த வாரியம் பெரிய வாரியம்; அனுபவம் மிக்க வாரியம். அதனை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் ஒன்று நிகழ்ந்தது. முன்பு பணம் வாங்கியவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். மன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார். சொல்லாவிடில் அடுத்த தேர்தலில் சொல்லவைக்க மக்களால் முடிந்தது. இப்போதோ வாரியத்தை நடத்துவோரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மாமன்ற உறுப்பினரைக் கேட்டால் வாரியம் என்கிறார். வாரியத்தைக் கேட்டால் கோட்டை என்கிறார்கள். கொடுத்த கை அதே கை. வாங்கிய கை மாறிவிட்டது. வாங்கிய கை மாறினாலும் வாங்கிய கடன் மாறுமா? மாறாது. சொத்தை ஏற்றவன் அதன் கடமையையும் ஏற்றவனே.

கடமை என்கிறோம், ஏன்? குழாய்க்கும் வயதாகிறது. சாலையில் பள்ளம் விழுந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. குழாய் கிழடு தட்டுவது தெரிவதில்லை. தேங்கிய கழிவு நீரிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு எழுகிறது. அது குழாயின் மேற்கூரையில் படிந்து, அங்கே வாழும் நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாகிறது. அமிலம் சிமெண்டைத் தின்கிறது. அடியிலே நீர் ஓடும் பகுதி நன்றாயிருக்க, மேற்புறம் அரித்து ஒருநாள் இடிந்து விழுகிறது. அதன்மேல் இருந்த சாலையும் அமிழ்கிறது. கட்டுமானங்களுக்கு ஏறத்தாழ 30 ஆண்டும், பம்பு முதலிய எந்திரங்களுக்கு 15 ஆண்டும் ஆயுள் என்பது பொறியாளர் வகுத்திருக்கும் கணக்கு. 2000 த்தில் தொடங்கிய வேலையின் எந்திரங்கள் ஆயுளைத் தாண்டிவிட்டன. குழாய்கள் ஆயுளின் மாலைப்பொழுதில் நிற்கின்றன.

சுமையோ கூடிக்கொண்டே போகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்கினால் அதில் நூற்றுக்கு 80 பங்கு, அதாவது 108 லிட்டர், கழிவாகத் திரும்புகிறது என்பது நடைமுறைக் கணக்கு. ஒன்றரை இலட்சம் பேருக்கு 1 கோடியே 62 இலட்சம் லிட்டர். 2000 த்தில் போட்ட கணக்கு இது. இன்று ஆதம்பாக்கத்தில் ஒரு குடும்பம் வாழ்ந்த தனி வீட்டை இடித்து, அதே மனையில் அடுக்கு வீடுகள் எழுந்துள்ளன. மாடியில் வீடுகள் பெருகின. தெருவுக்கடியில் குழாய் அன்றைய குழாய்தான். மழைநீருக்குத் தனி வடிகால் என்பது விதி. ஆனால் வீட்டு மாடியின் மழைநீரைச் சாக்கடையில் இணைத்துவிடுவோரும் உண்டு. வீட்டுச் சாக்கடையை மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாக இணைத்துவிடுவோரும் உண்டு. முன்னதால் மழைக்காலத்தில் மூடி வெடிக்கிறது. பின்னதால் கோடையிலும் ஓடை நாறுகிறது.

ஓடை என்றோமே, எந்த ஓடை? ஆதம்பாக்கம் ஏரியின் உபரி நீரை ஏந்திச் செல்லும் வீராங்கல் ஓடை. அது வேளச்சேரிப் பக்கமாகச் சென்று பள்ளிக்கரணைச் சதுப்பைச் சேர்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு 2022 இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் போற்றிக் காக்க வேண்டிய ஈரநிலம் என்பது அதன் பொருள். கடல் கடந்து பறவைகள் அதனை நாடி வருகின்றன. பட்டியலில் பெயர் சேர்ந்ததைக் கொண்டாடினோம். அதில் சேரும் நீரைப் பற்றிக் கவலைப்பட்டோமா? வாசலில் தோரணம் கட்டிவிட்டுக் கொல்லையில் குப்பை கொட்டும் குடித்தனம் அன்றோ இது!

நிலையம் செய்யும் வேலை

சுத்திகரிப்பு நிலையம் என்றால் ஏதோ மாயமந்திரம் என்று எண்ண வேண்டா. வரும் நீரைச் சல்லடையில் விட்டுத் துணி, பிளாஸ்டிக், கட்டை முதலியவற்றைத் தடுப்பார்கள். மணல் படிய ஒரு தொட்டி. கனத்த கசடு படிய ஒரு தொட்டி. பிறகு காற்றூட்டும் தொட்டி. நிலையத்தின் நெஞ்சு அதுவே. நீருக்குள் காற்றைச் செலுத்தினால் கோடானுகோடி நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கைத் தின்கின்றன. தின்று கொழுத்தவை அடுத்த தொட்டியில் படிகின்றன; மேலே தெளிந்த நீர் வழிகிறது. 1914 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் கண்டு வெளியிட்ட முறை இது. நூறாண்டு கடந்தும் உலகம் இதையே நம்பி நிற்கிறது. படிந்த கசட்டை மூடிய கலத்தில் அழுகவிட்டால் எரிவாயு கிடைக்கிறது. அதைக் கொண்டு மின்சாரம் ஆக்கலாம். சென்னை ஆறுகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் 2006 இல் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய நான்கிடங்களில் எழுந்த நிலையங்கள் இவ்வாறு மின்சாரம் ஆக்கும் வசதியோடு கட்டப்பட்டன. அவற்றுள் பெருங்குடி நிலையத்தின் அளவு நாளொன்றுக்கு 5.4 கோடி லிட்டர்.

காற்றூட்டும் எந்திரம் நின்றால் நுண்ணுயிர் மடியும். நுண்ணுயிர் மடிந்தால் நிலையம் வெறும் குளம். ஆகவே மின்கட்டணம் கட்டப் பணமில்லாத நிலையமும், உதிரி உறுப்பு வாங்கப் பணமில்லாத நிலையமும் இருந்தும் இல்லாதவையே. இது நம் கற்பனையன்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-21 ஆம் ஆண்டுக்குத் தந்த கணக்கைப் பாருங்கள். இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவு நீர் 7,236 கோடி லிட்டர். அமைக்கப்பட்ட நிலையங்களின் அளவு 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர். நூறு குடம் கழிவு நீரில் 28 குடம் மட்டுமே தூய்மை பெறுகிறது! கட்டியதையும் முழுதாக நடத்தவில்லை என்பது இதிலுள்ள பெரிய வெட்கம். கட்டுவதற்குப் பணம் தேடுவோர், நடத்துவதற்குப் பணம் தேடுவதில்லை. கட்டினால் கல்வெட்டு, நடத்தினால் என்ன கிடைக்கும்?

விதியும் கடுமையாகியுள்ளது. முன்பு ஒரு லிட்டர் சுத்திகரித்த நீரில் 20 அல்லது 30 மில்லிகிராம் அளவுக்கு உயிர்வளித் தேவையுள்ள அழுக்கு இருக்கலாம் என்று விட்டுவைத்தனர். 2019 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதை 10 மில்லிகிராமாகக் குறைத்தது. தழைச்சத்துக்கும் மணிச்சத்துக்கும்கூட வரம்பு கட்டியது. அவ்விரு சத்துகளே ஏரியில் ஆகாயத்தாமரை மண்டுவதற்கு உணவு. அழுக்கைத் தின்னப் பழக்கப்பட்ட பழைய நிலையம் இச்சத்துகளை நீக்குவதற்கென அமைக்கப்பட்டதன்று. ஆகவே பழுது பார்த்தால் போதாது. புதுப்பிக்க வேண்டும், விரிவாக்க வேண்டும். தள்ளிப்போடுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகும்.

யார் கொடுப்பது?

இங்கேதான் வாதம் எழுகிறது. மூன்று குரல்கள் கேட்கின்றன.

முதற்குரல் சொல்கிறது: எல்லாம் அரசே தரட்டும், மக்களிடம் ஒரு காசும் கேட்கக் கூடாது. கேட்க இனிய குரல். ஆனால் அரசின் பணம் வானத்திலிருந்து வருவதில்லை. உப்பு வாங்கும் கிழவியும், தீப்பெட்டி வாங்கும் கூலியாளும் கொடுக்கும் மறைமுக வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆதம்பாக்கத்து அடுக்கு மாடிக்காரரின் சாக்கடைச் செலவை, சாக்கடையே காணாத இராமநாதபுரத்துக் குடியானவன் தலையில் முழுதும் ஏற்றுவது எந்த நியாயம்?

இரண்டாம் குரல் சொல்கிறது: உண்டாக்குபவர் கொடுக்கட்டும், வீட்டுக்கு இவ்வளவு என்று சரிசமமாக வசூலியுங்கள். கேட்க நேர்மையான குரல். ஆனால் சரிசமம் எல்லாம் சமநீதி ஆகிவிடாது. ஓர் அறைக் குடித்தனத்துக்கும், நான்கு குளியலறை கொண்ட மாளிகைக்கும் ஒரே தொகை என்றால், மாளிகையின் அழுக்கை அறைக்காரர் சுமக்கிறார் என்றுதான் பொருள்.

மூன்றாம் குரல் சொல்கிறது: தனியாரிடம் விட்டுவிடுங்கள், அவர் கட்டுவார், நடத்துவார். கட்டுவார், உண்மை. ஆனால் தருமத்துக்குக் கட்டமாட்டார். இன்று போடும் முதலை வட்டியும் இலாபமுமாக நாளை எடுத்துக்கொள்வார். இத்தகைய ஒப்பந்தங்களில், கழிவு நீர் குறைந்த அளவு வந்தாலும் இன்ன தொகை தந்தே தீரவேண்டும் என்ற உறுதி கேட்கப்படுவது வழக்கம். கடன் வேறு பெயரில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். தனியார் எந்திரம் ஓட்டட்டும், தடையில்லை. தண்ணீரின் தரத்தை மக்கள் அளந்து, தரத்துக்கேற்பக் கூலி கொடுக்க வேண்டும்.

அப்படியானால் நம் வழி என்ன? உலகம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1858 கோடையில் லண்டன் நகரத்தின் தேம்ஸ் ஆறு சாக்கடையாகி நாறிற்று. ஆற்றங்கரைப் பாராளுமன்றத்தில் உட்கார முடியவில்லை; திரைச்சீலைகளை மருந்து நீரில் தோய்த்துத் தொங்கவிட்டார்கள். ஏழைத் தெருக்களில் காலராவில் ஆயிரமாயிரம் பேர் மாண்டபோது ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த மன்றம், தன் மூக்கில் நாற்றம் ஏறியதும் சில வாரங்களில் சட்டம் இயற்றியது! பசால்ஜெட் என்ற பொறியாளரின் திட்டத்துக்கு 30 இலட்சம் பவுன் கடன் வாங்க அனுமதி; அரசின் உத்தரவாதம்; சொத்து மதிப்பின்மேல் பவுனுக்கு மூன்று பென்னி வரி; 40 ஆண்டுகளில் அடைப்பது என்று ஏற்பாடு. ஒரு தலைமுறை கட்டியதற்கு, அதன் பயனை நுகர்ந்த இரு தலைமுறைகள் கொடுத்தன. பெரிய சொத்துக்காரர் கூடுதலாகக் கொடுத்தார். 1866 இல் காலரா மீண்டும் வந்தபோது, பணி முடிவுறாத கிழக்கு லண்டனையே அது கடுமையாகத் தாக்கியது. கட்டிய இடம் தப்பிற்று; கட்டாத இடம் மாண்டது.

இந்தப் பாடத்தை ஆதம்பாக்கத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். முதலீட்டின் பெரும்பங்கு நீண்ட காலக் கடனாகவும், மாநில, மத்திய மானியமாகவும் வரவேண்டும். நகரக் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கென அம்ருத் 2.0 திட்டத்தை மத்திய அரசு 2021 அக்டோபரில் தொடங்கியது. வரியில் பங்கு கொடுத்த தமிழகம் அதில் தன் பங்கைக் கேட்பது யாசகமன்று. நடத்தும் செலவு பயனடைவோரிடமிருந்து வரவேண்டும். சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 விழுக்காட்டைக் குடிநீருக்கும் கழிவுநீருக்குமாக வாரியம் வசூலிக்கும் முறை ஏற்கனவே உண்டு. மதிப்புக்கேற்ற வரி என்பதால் அது நியாயத்துக்கு அருகில் நிற்கிறது. ஆனால் மதிப்பீடு நேர்மையாக இருந்தால்தான் அந்த நியாயம் நிலைக்கும். பெரிய வணிகக் கட்டடத்துக்குக் குறைந்த மதிப்புப் போட்டுவிட்டுச் சிறு வீட்டுக்காரரிடம் உயர்த்திக் கேட்டால் ஊர் பொறுக்காது. பழைய ஆலந்தூர்த் திட்டமே வீட்டுக்கு ஒரு வீதம், கடைக்கு அதனினும் கூடுதல், தொழிற்சாலைக்கு மேலும் கூடுதல் என்று படி வகுத்ததே! அப்படியை இன்னும் செம்மையாக்கினால் போதும்.

இன்னொரு வருவாயும் உண்டு. பலர் கழிவு என்று மூக்கைப் பொத்தும் நீரே அது. 2019 கோடையை மறந்துவிட்டோமா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. அதே ஆண்டில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவு நீரை மூன்றாம் நிலைவரை தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு விற்கும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. மணலித் தொழிற்சாலைகள் 1990களிலேயே கழிவு நீரை வாங்கித் தூய்மைப்படுத்திப் பயன்படுத்தின. ஆலை குடிக்கும் நீர் ஆலைக்குப் போனால், ஏரி நீர் மக்கள் குடத்துக்கு மிஞ்சும். தென்சென்னையின் கழிவு நீரும் இவ்வாறு விலைபோகட்டும். விற்ற பணம் பொதுக் கருவூலத்தில் கரைந்துவிடாமல், அது பிறந்த சாக்கடையைப் பேணவே திரும்பி வரட்டும்.

மனிதன் இறங்கலாகாது

கணக்கு பேசும்போது கணக்கில் வராத ஒருவரை மறப்பது வழக்கமாகிவிட்டது. அடைப்பு ஏற்பட்டால் குழிக்குள் இறங்கும் மனிதரைச் சொல்கிறோம். நாம் முன்னே சொன்ன ஹைட்ரஜன் சல்பைடு சிமெண்டை அரிக்க ஆண்டுகள் எடுக்கும்; மனிதரைக் கொல்ல ஒரு மூச்சு போதும். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1993 இல் வந்தது. 2013 இல் அதனினும் வலுவான சட்டம் வந்தது. சாக்கடையில் மாண்டவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014 இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும் சாவுகள் ஓயவில்லை. சாக்கடைச் சாவுகளின் கணக்கில் தமிழகம் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறது. சமூகநீதி பேசும் மண்ணுக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு வேறென்ன வேண்டும்? இறங்குகிறவர் எந்தச் சாதியார் என்று கேட்க வேண்டியதே இல்லை, எல்லாருக்கும் தெரியும்.

இதற்கும் நிலையத்தைப் புதுப்பிப்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்களேயானால், தொடர்பு நேரானது. குழாய் குறுகிப் பழசானால் அடைப்பு மிகும்; அடைப்பு மிகுந்தால் அவசரம் மிகும்; அவசரம் மிகுந்தால் எந்திரம் வரும்வரை காத்திராமல் ஓர் ஏழையைக் கயிறு கட்டி இறக்குவார்கள். ஆகவே புதுப்பிக்கப் பணமில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்வோர், அந்த மிச்சத்தை யாருடைய உயிரிலிருந்து எடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திட்டச் செலவின் முதல் இனம் அடைப்பு நீக்கும் எந்திரங்களாக இருக்க வேண்டும். அவற்றை இயக்கும் வேலை, இதுவரை இறங்கிய குடும்பங்களுக்கே நிரந்தர வேலையாகக் கிடைக்க வேண்டும்.

நாம் கேட்பவை

நமது கோரிக்கை சுருக்கமானது. பழைய ஆலந்தூர்ப் பகுதியின் குழாய் முழுவதையும் கேமரா விட்டுச் சோதித்து, எந்தத் தெருவில் என்ன நிலை என்பதைத் தமிழில் அச்சிட்டு வட்டந்தோறும் வெளியிடுக. கழிவுநீருக்கென வசூலாகும் பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் மன்றத்தில் படித்துக் காட்டுக. முன்பே முன்பணம் கொடுத்த குடும்பங்களிடம் மீண்டும் சரிசம முன்பணம் கேளற்க. கேட்பதானால் சொத்தளவைப் படியாகக் கொண்டு, எளியோருக்குத் தவணை தந்து கேட்க. நிலையத்திலிருந்து வெளியேறும் நீரின் தரத்தை நாள்தோறும் பலகையில் எழுதி வாயிலில் மாட்டுக. திருட்டு இணைப்பு வைத்திருப்போர் அடுக்குமாடி முதலாளியாயினும் அரசு அலுவலகமாயினும் பாகுபாடின்றித் துண்டித்துத் திருத்துக.

மக்களுக்கும் ஒரு சொல். உரிமை கேட்கும் வாய்க்குக் கடமை செய்யும் கை வேண்டும். துணியையும் நெகிழியையும் எண்ணெயையும் சாக்கடையில் போடுகிறவர், அடைப்புக்காக வாரியத்தை ஏசும் தகுதியைத் தாமே இழக்கிறார். மாடி மழைநீரைச் சாக்கடையில் விடுபவர் எதிர்வீட்டாரின் கூடத்தில் கழிவு நீரைக் கொண்டுபோய் ஊற்றுகிறார். நேர்மையான வரி உயர்வு வந்தால், கணக்குக் கேட்டுக்கொண்டே அதனைக் கொடுப்பதுதான் வீரம், கொடாமல் இருப்பதன்று.

நிலத்துக்கடியில் செல்லும் நீர்ப்பாதைக்குச் சுருங்கை என்று பெயரிட்டு வைத்த மொழி நம்முடையது. கீழடியில் தோண்டியபோது சுடுமண் குழாய்கள் கிடைத்தன என்று பெருமிதம் கொண்டோம், கொள்ளலாம். ஆயினும் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய குழாயைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் போற்றும் நாம், இருபத்தைந்து ஆண்டுக் குழாயைத் தெருவுக்கடியில் சிதையவிட்டால், வருங்காலம் நம்மைத் தோண்டும்போது என்ன சொல்லும்?

ஆதம்பாக்கத்தாரும் ஆலந்தூராரும் கால் நூற்றாண்டுக்கு முன் ஓர் எண்ணத்தை நம்பி ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். குழாய் கிடைத்தது, நிலையம் கிடைத்தது, நாடு வியந்தது. அந்த ஐயாயிரத்தில் பணம் செலவாகிவிட்டது. நம்பிக்கை மட்டும் இன்னும் இருப்பில் இருக்கிறது. அதனைக் கைமுதலாகக் கொண்டு இரண்டாவது வேலையைத் தொடங்கலாம். ஆள்வோர் கணக்கோடு வரட்டும். மக்கள் கேள்வியோடு வரட்டும். வட்டக் கூட்டங்களில் இந்தப் பேச்சு இந்த மாதமே எழட்டும். அடுத்த மழை வந்து நம்மைப் பேசவைக்கும்வரை காத்திருக்க வேண்டா.